படகு கவிழும் என்று சொன்னவர்

எபனேசர் இன்கூம் வேலை பார்த்த காலமெல்லாம் வாயைத் திறக்கத் தேவையில்லாமல் இருந்தவர். டாக்கராடி துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று, மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குக் கை காட்டும் வேலை. தூக்கு, இறக்கு, நிறுத்து, மெதுவாக என்று எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. கத்தினாலும் அங்கே யாருக்கும் கேட்காது. சாயங்காலம் எங்கள் ஊரான கோஜோக்ரோமுக்குத் திரும்பினால் வீட்டில் ஃபிலோமீனா இருந்தாள். அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். சந்தையில் யாருக்கும் யாருக்கும் தகராறு, பாதிரியார் பிரசங்கத்தில் யாரைக் குத்திக் காட்டினார், மகள் எக்குவா ஹாம்பர்க்கிலிருந்து என்ன சொன்னாள் என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். பேசத் தெரியாதவர் என்று ஊரில் அவரை நினைத்தவர்கள் உண்டு. கேட்கத் தெரிந்தவர் என்று யாரும் நினைத்ததில்லை.

அவர் ஓய்வு பெற்ற மறு மழைக்காலத்தில் ஃபிலோமீனா குளிக்கப் போன இடத்தில் விழுந்தாள். முதலில் பேச்சு போயிற்று, பிறகு ஆளே போய்விட்டாள். அவள் குடும்பத்தார் வந்து உடலைத் தங்கள் ஊரான என்ச்சிக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். காரியங்களுக்கு வந்த மகள் ஹாம்பர்க்குக்குத் திரும்பினாள். பெரிய முற்றத்தைச் சுற்றி இருக்கும் அறைகளில் கடைசி அறை இன்கூமுடையது. அதன் வாசல் மட்டும் தெருவைப் பார்த்து இருக்கும். அதற்கு நேர் எதிரே என் கடை. ஃபோன் பழுது பார்ப்பேன், பேசுவதற்கான கார்டு விற்பேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவர் கடைக்கு வந்து ஏதோ கேட்டார். குரல் வரவில்லை. இருமிவிட்டு மறுபடி கேட்டார்.

"என்ன மாமா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றேன்.

"இல்லப்பா கோபினா. ஞாயித்துக்கிழமை பூசையில பாடினதுக்கு அப்புறம் இப்பதான் வாயைத் திறக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு கார்டை எடுத்துக் கொடுத்தேன். பிறகுதான் அந்தப் பேச்சு மனத்தில் உறைத்தது.

என் கடையில் ரேடியோ நாள் முழுக்க ஓடும். காலையில் ஃபிஃபி ஆர்மா நடத்தும் நிகழ்ச்சிக்கு இந்தக் கரையோரம் பூராவும் காது கொடுக்கும். ஊர் விவகாரம், அரசியல், யார் வேண்டுமானாலும் ஃபோன் போட்டுப் பேசலாம். ஆனால் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். விளக்குச் சின்னக் கட்சிக்கு நாலு பேர், படகுச் சின்னக் கட்சிக்கு நாலு பேர். கட்சிக்காரர்களே கார்டு வாங்கிக் கொடுத்துத் தினமும் பேச வைக்கிற ஆட்கள் அவர்கள். குரலைக் கேட்டதும் எந்தக் கட்சி, என்ன சொல்லப்போகிறார் என்று எங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒருநாள் இன்கூமின் குரல் கேட்டது. ரயில் நிலையச் சாலையில் விளக்கு எரிவதில்லை, சந்தை நாளில் பெண்கள் இருட்டில் விழுகிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "நல்லாச் சொன்னீங்க! கோஜோக்ரோமிலிருந்து மிஸ்டர் இன்கூம். நன்றி மிஸ்டர் இன்கூம்!" என்றார் ஃபிஃபி. அழைப்பு முடிந்து விளம்பரமும் வந்துவிட்டது. இன்கூம் இன்னும் ஃபோனைக் காதில் வைத்தபடி தன் வாசலுக்கு வந்தார்.

"என் பேரை ரெண்டு தடவை சொன்னாரு, கேட்டியா?" என்றார்.

அதன்பிறகு தினமும் கூப்பிட்டார். அவருக்குக் கட்சி எதுவும் கார்டு கொடுக்கவில்லை. கட்சி ஆட்கள் நேரலையிலேயே கிண்டல் செய்தார்கள். "பெரியவரே, உங்களுக்கு யாரு சம்பளம்? தெருவிளக்கா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "ஆமாம், அது எரிஞ்சாத்தானே எனக்குச் சம்பளம் தெரியும்" என்றார். ஃபிஃபி விழுந்து விழுந்து சிரித்தார். அன்று முழுக்க எங்கள் தெருவிலும் அதே பேச்சு.

காலை அழைப்பு முடிந்த பிறகு நாள் நீளமாகக் கிடக்கும் அவருக்கு. ஸ்டாண்டுக்குப் போய் எந்த ட்ரோட்ரோ வேன் முதலில் கிளம்புகிறதோ அதில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். தார்க்வா போகிற வேனோ, அக்ஸிம் போகிற வேனோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். உள்ளே இருபது பேர் பேசுவார்கள். அவர் கேட்பார். போன இடத்தில் ஒரு ஆரஞ்சு வாங்கி உரித்துத் தின்றுவிட்டு அடுத்த வேனில் திரும்பிவிடுவார்.

ஜனாதிபதி தேர்தல் வந்தது. விளக்கு அப்போது ஆட்சியில் இருந்தது. எங்கள் கரையோரம் படகின் கோட்டை. யார் ஜெயிப்பார்கள் என்று ஃபிஃபி ஒருநாள் காலை முழுக்கக் கேட்டார். நாலு பேர் விளக்கு என்று கத்தினார்கள், நாலு பேர் படகு என்று கத்தினார்கள். இன்கூமின் முறை வந்தது.

"முதல் தடவை யாரும் பாதியைத் தாண்ட மாட்டாங்க. கிறிஸ்துமஸ் சாப்பாடு செரிக்கிறதுக்குள்ள மறுபடி வரிசையில நிக்கணும். அப்போ படகு வரும். ஆனா மயிரிழைதான்."

"இதை யாரு சொன்னா உங்களுக்கு? ஆண்டவரா?"

"வேன்ல போறவங்க."

ஸ்டுடியோவில் எல்லோரும் சிரித்தார்கள். டிசம்பரில் அப்படியேதான் நடந்தது. முதல் சுற்றில் யாருக்கும் பாதி ஓட்டுக்கு மேல் விழாததால் முடிவு இல்லை. பண்டிகைக்குப் பிறகு மறுபடி வாக்களித்தோம். படகு மயிரிழையில் வந்தது. ஃபிஃபி பழைய ஒலிப்பதிவைத் தேடி எடுத்து நாளைக்கு மூன்று முறை போட்டார். "நம்ம கோஜோக்ரோம் தீர்க்கதரிசி!" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்கூம் மறுத்துப் பார்த்தார். "தீர்க்கதரிசியெல்லாம் இல்லப்பா. கேட்டதைச் சொன்னேன், அவ்வளவுதான்" என்றார். அப்படிச் சொல்வதுதான் தீர்க்கதரிசிக்கு அடையாளம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். விசா கிடைக்குமா, பிழைக்கப் போன வீட்டுக்காரர் அபிஜானிலிருந்து திரும்புவாரா, லாட்டரியில் என்ன எண் விழும் என்றெல்லாம் கேட்டார்கள். "எனக்குத் தெரியாதும்மா, உக்காருங்க, என்ன ஆச்சு சொல்லுங்க" என்பார். அவர்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பாரம் இறங்கினமாதிரி எழுந்து போவார்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினார். பிறகு ஆறு வாங்கினார்.

கூட்டம் இருக்கும் இடத்தில் வியாபாரம் நடக்கும். முச்சந்தியில் கெங்கி விற்றுக்கொண்டிருந்த அபா தன் மேசையைத் தூக்கிவந்து அவர் சுவரோரம் போட்டாள். புளித்த சோள மாவை வாழையிலையில் பொதிந்து வேகவைத்த கெங்கி, பொரித்த மீன், மிளகாய்த் துவையல். கோஜோக்ரோமில் அபா கையைவிட நல்ல கை கிடையாது. வாயும் அப்படித்தான். படகுக் கட்சியின் மகளிர் அணிக்கு அவள்தான் எல்லாம். கூட்டத்துக்குப் பெண்களைத் திரட்டுவாள், பாட்டுக் கட்டுவாள், எதிர்க்கட்சிக்காரன் தெருவில் வந்தால் அவன் பாட்டனார் வரைக்கும் இழுத்துத் திட்டுவாள்.

"அண்ணே, உங்களுக்குப் பேசத் தெரியலை. நீங்க சும்மா உக்காருங்க, நான் குறி சொல்றேன். ஆளுக்கு ரெண்டு கெங்கி வாங்கினா நல்ல குறி, ஒண்ணு வாங்கினா சுமாரான குறி."

"ஒண்ணுமே வாங்கலைன்னா?"

"வீட்டுக்காரன் அபிஜான்லயே இருந்துடுவான்!"

மத்தியானம் கூட்டம் வடிந்ததும் அபா அவருக்கு ஒரு தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். அந்த நாலு வருடத்தில் அவர் உடம்பில் கொஞ்சம் சதை போட்டது. ஃபோனில் மகளிடம், "இப்ப நேரமே இல்லம்மா, ஆள் மேல ஆள்" என்று அலுத்துக்கொள்வது என் கடைவரை கேட்கும். அது அலுப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த தேர்தல் நெருங்கியது. அவர் மறுபடி வேன் ஏறப் போனார். ஆனால் பழைய மாதிரி கேட்க முடியவில்லை. அவர் முகம் யாருக்கும் தெரியாது, குரல் எல்லோருக்கும் தெரியும். "அடுத்த நிறுத்தம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேன் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். "அட, இன்கூம்! யாரு வருவாங்க சொல்லுங்க!" அவர்கள் பேச்சு அதோடு நின்றுவிடும். ஆகவே வாயைத் திறக்காமல் போகப் பழகினார். எங்கே இறங்க வேண்டும் என்றால் துறைமுகத்தில் செய்தமாதிரி கை காட்டிவிடுவார்.

அக்டோபரில் ஃபிலோமீனாவின் கல்லறையைப் பார்க்க என்ச்சிக்குப் போனார். வழியெல்லாம் கோக்கோ கிராமங்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பியவர் நேராக என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"கோபினா, படகு போயிடும்."

எனக்குப் புரியவில்லை. "எங்கே போயிடும்?"

"போன தடவை அந்த ஊர்ல எல்லாம் படகுன்னாலும் சண்டைக்கு வருவான், விளக்குன்னாலும் சண்டைக்கு வருவான். நீங்க வந்தா மட்டும் உரம் வருமா, ரோடு வருமான்னு நம்ம ஆட்களையே வாய் கிழியத் திட்டுவான். திட்டிட்டு நமக்கேதான் போடுவான். இப்ப திட்டறதையே விட்டுட்டாங்கப்பா. படகுன்னு யாராவது எடுத்தா, மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடறாங்க. வீட்டுல பொண்டாட்டி சண்டை போடறதை நிறுத்திட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரி."

நமக்கு என்றார். அவர் எந்தக் கட்சி என்று அன்றுதான் முதல் தடவையாக அவர் வாயால் கேட்டேன்.

"வெளியில சொல்லிடாதீங்க மாமா" என்றேன். "கேட்டாங்கன்னா ஜெயிக்கும்னு சொல்லிட்டுப் போங்க. தோத்துட்டா, ஆண்டவர் மனசை மாத்திக்கிட்டார்னு சொல்லிடலாம். பாஸ்டருங்க எல்லாம் அதைத்தானே சொல்றாங்க?"

"எனக்குத்தான் ஆண்டவர் ஒண்ணும் சொல்லலையே" என்றார். "வேன்ல வந்த மனுஷங்கதானே சொன்னாங்க. அவங்க சொன்னதை மாத்திச் சொல்ல நான் யாரு?"

அன்றிரவு அவர் அறையில் விளக்கு வெகுநேரம் எரிந்தது.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு ரேடியோ நிலையம் அவரை நேரில் கூப்பிட்டது. தீர்க்கதரிசி ஸ்டுடியோவுக்கு வருகிறார் என்று மூன்று நாள் விளம்பரம். போவதற்கு முந்தைய மத்தியானம் அபா அவர் தட்டில் பெரிய மீனாகப் பார்த்து வைத்தாள்.

"நான் கேக்கவே மாட்டேன். தெரிஞ்சதுதானே. ஆனா மயிரிழைன்னு மட்டும் சொல்லாதீங்கண்ணே, எங்க பிள்ளைங்க சோர்ந்துடும். அள்ளிக்கிட்டுப் போகும்னு சொல்லுங்க."

அவர் மீனைப் பிட்டார். தின்னவில்லை. "அபா" என்று ஆரம்பித்தார். அதற்குள் யாரோ கெங்கி கேட்டு வந்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் என் கடை முன்னால் தெருவே கூடியிருந்தது. அபாவும் மகளிர் அணியும் வெற்றிக்கு உடுத்தும் வெள்ளை உடுப்பில் வந்திருந்தார்கள். ஒருத்தி மேளம் வைத்திருந்தாள். அவர் சொன்னதும் அங்கிருந்தே ஊர்வலம் போவதாகத் திட்டம். நான் ரேடியோவைத் தூக்கிக் கடையின் மேல்தட்டில் வைத்து ஒலியைக் கூட்டினேன்.

ஃபிஃபி சுற்றி வளைத்தார். சாப்பாடு என்ன, தூக்கம் வருகிறதா, கனவு வருகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "சரி மிஸ்டர் இன்கூம், நாடே காத்துக்கிட்டு இருக்கு. யாரு?" என்றார்.

"விளக்கு" என்றார் இன்கூம்.

மேளத்தின் மேல் ஒரு கை ஓங்கியபடி நின்றது.

"மிஸ்டர் இன்கூம், கேள்வி சரியாக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நம்ம பக்கம் படகுதான் வரும். உள்ளே கோக்கோ ஊருங்கள்ல விட்டுடுவாங்க. மொத்தத்துல கொஞ்சம் குறையும். விளக்கு வந்துடும்." பிறகு, "எனக்கும் இது பிடிக்கலை" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை எங்கள் தெருவில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதற்குள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "எவ்வளவு வாங்கினான் பாரு!" என்றது ஒரு குரல். "மூணு நாள் முந்தி ஒரு கார் வந்து நின்னுச்சே, அப்பவே நெனச்சேன்" என்றது இன்னொன்று. அந்தக் கார் என்னிடம் ஃபோன் பழுதுபார்க்க வந்தது. சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. அபா மட்டும் நேராகப் போய், மேசைமேல் இருந்த பானைகளை இறக்கி வைத்தாள். ஆள் வைத்து மேசையை மறுபடி முச்சந்திக்கே கொண்டுபோய்விட்டாள்.

பத்து மணி வாக்கில் அவர் வேனிலிருந்து இறங்கி நடந்து வந்தார். தெரு நெடுக ஜனங்கள் நின்றிருந்தார்கள். வழி விட்டார்கள், வணக்கம் சொல்லவில்லை. முச்சந்தியில் அபா எதிரே வந்து நின்றாள்.

"என் கையால தின்னுட்டு என் படகுலயே ஓட்டை போட்டுட்டியே!" என்றாள். அவரை அவள் நீ என்று சொல்லிக் கேட்டது அன்றுதான். "எங்க பசங்க ராப்பகலா ஓடி ஓடி உழைச்சது எல்லாம் போச்சு. உன் பேச்சைக் கேட்டு இனிமே எவன் வரிசையில நிப்பான்?"

"நிக்கச் சொல்லும்மா. நான் சொன்னது தப்பாப் போகட்டும்."

"வாயை மூடு!"

அவர் வீட்டுக்கு நடந்தார். வாசலில் நாற்காலிகள் காலியாக இருந்தன. அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு உள்ளே போனார்.

தேர்தல் நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் விடிவதற்கு முன்பே வரிசை நின்றது. இன்கூம் என் பின்னால் இரண்டு ஆள் தள்ளி நின்றார். அவருக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. ஓட்டுப் போட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் எண்ணிக்கைக்குத் திரும்பி வந்தார்கள். எங்கள் ஊரில் பெட்டியை எல்லோர் கண் முன்னாலும் கவிழ்த்து, ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டித்தான் எண்ணுவார்கள். படகு, படகு, விளக்கு, படகு என்று அதிகாரி கூவக் கூவக் கூட்டமும் சேர்ந்து கூவியது. இன்கூம் கூட்டத்தில் சேராமல் வேலியோரம் ஒரு மாமரத்தடியில் நின்றிருந்தார். ஒவ்வொரு முறை படகு என்று கேட்டபோதும் அவர் வலது கை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே எழும்பித் தாழ்ந்தது. கிரேனைத் தூக்கச் சொல்லும் சைகை அது.

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நானும் அதுக்குத்தான் போட்டேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

எங்கள் மைதானத்தில் படகு அள்ளிக்கொண்டு போயிற்று. மறுநாளும் அதற்கு மறுநாளும் உள்ளே இருக்கும் ஊர்களிலிருந்து எண்ணிக்கை வந்தது. என்ச்சி போயிற்று. அதைச் சுற்றியிருந்த கோக்கோ ஊர்கள் எல்லாம் போயின. கொஞ்ச வித்தியாசத்தில் விளக்கு ஜெயித்தது.

தப்பாகச் சொல்லியிருந்தால்கூட ஊர் அவரை ஒரு மாதம் கிண்டல் செய்துவிட்டு மறந்திருக்கும். சரியாகச் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை. வாய் வைத்துத் தோற்கடித்துவிட்டார் என்றார்கள். வெற்றி அறிவித்த அன்று டாக்கராடியிலிருந்து விளக்குக் கட்சிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து அவர் வாசலில் நிறுத்தினார்கள். "எங்க தீர்க்கதரிசி! வெளிய வாங்க பெரியவரே, உங்களைத் தோள்ல தூக்கணும்!" என்று கதவைத் தட்டினார்கள். அவர் திறக்கவில்லை. தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "திமிரு புடிச்ச கிழவன்" என்று திட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் அந்த வண்டிகள் அவர் வாசலில் நின்றதை மட்டும் ஊர் பார்த்தது.

அவரும் படகுக்குத்தான் ஓட்டுப் போட்டார் என்று அபாவிடம் சொன்னேன். "அவரு சொன்னாரா, நீ பாத்தியா?" என்று கேட்டாள். நான் பார்க்கவில்லைதான்.

காலையில் வழக்கம்போல அவர் ஃபோனை எடுப்பார். மணி அடித்துக்கொண்டே இருக்கும். வேறு யார் கூப்பிட்டாலும் ஃபிஃபி எடுப்பது என் ரேடியோவில் கேட்கும். அந்த எண் வந்தால் எடுக்க வேண்டாம் என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்களாம். ஒருநாள் என் ஃபோனிலிருந்து பேசச் சொன்னேன். "வேண்டாம்பா. குரலைக் கேட்டதும் வெச்சுடுவாங்க. உன் நம்பரும் கெட்டுப்போகும்" என்றார். அந்த வாரத்தோடு கூப்பிடுவதை விட்டுவிட்டார். கோவிலில் அவர் உட்காரும் பெஞ்சில் மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். ஹாம்பர்க்கில் யாரோ அந்த ஒலிப்பதிவை எக்குவாவுக்கு அனுப்பியிருந்தார்கள். "அப்பா, நீங்க இங்க வரைக்கும் ஃபேமஸ்!" என்று அவள் ஃபோனில் சிரித்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "ஆமாம்மா, இங்க ஒரே கூட்டம்" என்றார் அவர். வாசலில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை இப்படியே போயிற்று. பிறகு குந்தூம் திருவிழா வந்தது.

குந்தூமின்போது வசைப்பாட்டு உண்டு. வருடம் பூராவும் மனத்தில் கிடந்ததை மேளத்தோடு போய் அந்தந்த ஆளின் வாசலில் நின்று பாடிவிடலாம். தலைவராக இருந்தாலும் சரி, பாதிரியாராக இருந்தாலும் சரி, வெளியே வந்து நின்று கேட்க வேண்டும். பதில் பேசக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. கோபித்துக்கொண்டால் மறுநாளும் வருவார்கள். பாடிய பிறகு அந்த விஷயத்தை யாரும் எடுக்கக் கூடாது. அபா இன்கூமுக்கு ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறாள், இரவில் ஒத்திகை நடக்கிறது என்று ஊரெல்லாம் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அன்று காலை கடையைத் திறக்கும்போது பார்த்தேன். வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார். நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போட்டிருந்தார். ஸ்டூலில் ஒரு பாட்டில் ஜின், கவிழ்த்து வைத்த கிளாஸ்கள். பண்டிகைக்கு உடுத்தும் பெரிய துணியைத் தோளில் சுற்றி, சவரம் செய்த முகத்தோடு கதவருகே நின்றிருந்தார்.

"என்ன மாமா, கல்யாணமா?"

"வீட்டுக்கு ஆள் வருதுப்பா" என்றார்.

மேளச் சத்தம் முச்சந்தியில் திரும்பியது. முப்பது நாற்பது பேர் இருப்பார்கள், பின்னால் வேடிக்கை பார்க்க இன்னும் அதிகம். அபா முன்னால் வந்தாள். நெற்றியில் திருவிழாவுக்கான வெள்ளைக் களிமண் பூசியிருந்தாள். அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்று, கண்ணைப் பார்த்துப் பாடினாள். மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள்.

"கிரேனுக்குக் காட்டிக் காட்டிப் பொழச்ச கையி – ஓ இன்கூமு
படகுக்குக் காட்டிக் காட்டிக் கவுத்த கையி
கெங்கியைத் தின்ன வாயி, மீனைத் தின்ன வாயி – ஓ இன்கூமு
கொடுத்தவ தலையில கல்லைப் போட்ட வாயி
ஊரெல்லாம் வந்து குந்திப் பேசின வீடு – ஓ இன்கூமு
சுவருகூட உன்னோட பேச மாட்டேங்குது!"

கடைசி அடிக்குக் கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தலையைச் சாய்த்து, ஒரு சொல்கூட விட்டுப்போகாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை பாடியபோது தாளத்துக்கு விரல் தட்டினார். மூன்றாம் முறை கடைசி அடி வந்தபோது அபாவின் குரல் ஏனோ கொஞ்சம் இறங்கிற்று. மேளக்காரர்கள் அதை மூடிவிட்டார்கள்.

அவர் கிளாஸில் ஊற்றி முதலில் மேளக்காரருக்குக் கொடுத்தார். பிறகு எல்லோருக்கும் கொடுத்தார். சிலர் நாற்காலியில் உட்கார்ந்துகூடக் குடித்தார்கள். சிறிது நேரத்துக்கு அந்த வாசல் பழைய வாசல் மாதிரி இருந்தது. அதற்குள் அடுத்தது கவுன்சிலர் வீடு என்று யாரோ கத்த, எல்லோரும் எழுந்து ஓடினார்கள். இன்கூமும் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களோடு நடந்தார். யாரும் தடுக்கவில்லை. கவுன்சிலர் வீட்டுச் சந்துக்குள் கூட்டம் நெருக்கியடித்துத் திரும்பியபோது அவருக்கு மூச்சு வாங்கிற்று. சந்து முனையில் நின்றுவிட்டார். மேளம் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முச்சந்தியில் அபா கெங்கிப் பானையைத் திறந்துகொண்டிருந்தாள். நானும் வாங்கப் போயிருந்தேன். இன்கூம் வந்தார்.

"அண்ணே, பாட்டு எப்படி?" என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"நல்லா இருந்துச்சு. மீனைத் தின்ன வாயிங்கற இடத்துல கொஞ்சம் இழுவை."

"மேளக்காரன் தூங்கிட்டான். அடுத்த வருஷம் சரி பண்ணிடறேன்."

"அடுத்த வருஷமும் எனக்கேவா?"

அவள் சிரித்தாள். இரண்டு கெங்கியும் ஒரு மீனும் பொதிந்து கொடுத்தாள். அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, இன்னும் ஏதோ சொல்ல இருப்பவர்போல மேசையருகே நின்றார். அதற்குள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு நாலைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அபா அவர்களிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். மேசையை அவள் மறுபடி அவர் சுவரோரம் கொண்டுவரவில்லை. முச்சந்தியிலேயே வியாபாரம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சூட்டுக்குப் பொட்டலத்தைக் கைமாற்றிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.